பொத்தான் அமுங்கவில்லை என்றால்

அக்கா டீயை ஆறவிட்டுக் குடித்து நான் பார்த்ததில்லை. கொதிக்கக் கொதிக்க இரண்டு மடக்கு குடிப்பாள். நாக்கு சுட்டு 'ஸ்ஸ்' என்பாள். பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். "முழுசா குடிக்கறதுதானே க்கா" என்றால், "அது ஆறுற வரிக்கும் யாரு நிக்கறது?" என்பாள்.

பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன். ராயபுரத்தில் எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் அவள் அக்காதான். மேனேஜர்கூடக் கோபம் வந்தால்தான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். எங்களுடையது கிளியரிங் ஆபீஸ். கப்பலில் வரும் கன்டெய்னருக்குக் காகிதம் தயார் செய்து, துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்து, எண்ணூர் சாலையில் இருக்கும் ஒரு யார்டில் இறக்கி, சரக்கு உரியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை பின்னாலேயே ஓடும் வேலை. ஓடும் வேலை என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் காத்திருக்கும் வேலை. கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும், கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும், கேட்டில் ட்ரெய்லர் வரிசை நகரக் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு, காத்திருக்கவே தெரியாத ஒருத்தி டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு எட்டு வருஷம் கழித்து வந்தவள், வயதில் என்னைவிட ஆறு பெரியவள்.

வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள். சிக்னலில் பஸ் நின்றால் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவாள். சிக்னல் விழுந்து அதே பஸ் அவளைத் தாண்டிப் போகும். மறுநாளும் இறங்குவாள். நாம் பேசும்போது வாக்கியத்தின் கடைசி இரண்டு வார்த்தைகளை அவளே சொல்லிவிடுவாள், பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவாள். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது குழந்தைக்கு இரண்டு சட்டையும் ஒரு குல்லாயும் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். பிறப்பதற்கு முன்னால் துணி வாங்கக்கூடாது என்று என் மாமியார் முகம் சுளித்தார்கள். அக்கா அசரவில்லை. "அது வரத்தானே போவுது? வந்தப்பறம் கடைக்கு ஓடணுமாம்மா?" என்றாள்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "எங்கம்மா தண்ணி லாரிக்கு நின்னு நின்னே பாதி ஆயுசு பூட்ச்சு. நானும் கூட நின்னேன். எங்கூட்டு குடத்துக்கு முன்னாடி எப்பவும் முப்பது குடம். நெறைய நின்னாச்சுடி ஸ்டெல்லா. எனக்கு இருந்த நிக்கற கோட்டா முடிஞ்சுப்போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போதும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ஆபீசில் ஏஐ ஏஜென்ட் என்று ஒன்றைக் கொண்டு வந்து வைத்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் தொழிலில் ஏஜென்ட் என்றால் நாங்கள்தான். இனிமேல் இன்னொரு ஏஜென்ட், அதுவும் கம்ப்யூட்டருக்குள். 'இந்தக் கன்டெய்னருக்கு கேட்டில் நுழைய நேரம் பதிவு செய்' என்று தமிழிலேயே எழுதினால் போதும். அதுவே பிரவுசரைத் திறந்து, யார்டின் இணையப் பக்கத்துக்குப் போய், கட்டங்களில் எண்களை நிரப்பி, பொத்தானை அமுக்கும். மவுஸ் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்க்க எங்கள் பியூன்கூட வந்து நின்றார்.

அக்காவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அது ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தைப் படம் எடுக்கும், யோசிக்கும், ஒரு கட்டத்தைத் தொடும், மறுபடி படம் எடுக்கும். "இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா பாத்துகினே கீறே?" என்று திரையைப் பார்த்துக் கத்துவாள்.

பத்து நாளில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். பாட வீடியோக்களை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கற்றுக்கொண்டாள். அந்த ஏஜென்டுக்குள் இன்னொரு கருவி இருந்தது. பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான சின்னச் சின்னக் கட்டளைகள், ஓட்டுவது. இணையப் பக்கத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது மேல்பூச்சுதான். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, எந்தப் பொத்தான் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் எழுத்தாக இருக்கிறது. நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டால், ஏஜென்ட் மவுஸைத் தொடாமல் நேராக அந்த எழுத்துக்குள் இறங்கி வேலையை முடித்துவிடும். அறுபது கன்டெய்னர் பட்டியலை ஆறு பக்கமாகப் புரட்டிப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது, இப்போது கண் சிமிட்டும் நேரத்தில் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. அன்று அக்கா எழுந்து நின்று கை தட்டினாள். மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வேகத்துக்கு ஒருநாள் அடி விழுந்தது. பக்கம் முழுசாக வந்து சேர்வதற்குள் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. பட்டியல் இன்னும் வரவில்லை, வெறும் கட்டம்தான் இருந்தது. ஏஜென்ட் பார்த்துவிட்டு 'இன்று நிலுவை எதுவும் இல்லை' என்றது. அக்கா அதை அப்படியே யார்டு வாசலில் காத்திருந்த ட்ரெய்லர் டிரைவருக்குச் சொல்லிவிட்டாள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு மீஞ்சூர் போய்விட்டார். அதற்குப் பிறகு 'மூன்று நொடி பொறு' என்று ஒரு வரி சேர்த்தாள். அடுத்த வாரம் பார்த்தால் அது இரண்டாகியிருந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் அரை.

இன்னொரு வரியையும் அந்த நாட்களில்தான் சேர்த்தாள். யார்டின் பக்கம் ஒரு கலீஜான பக்கம். திடீரென்று ஓர் அறிவிப்புப் பலகை வந்து பொத்தானை மறைத்துக்கொள்ளும். ஏஜென்ட் 'பொத்தான் அமுங்கவில்லை, என்ன செய்யட்டும்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அக்கா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வேலை அப்படியே கிடக்கும். ஒருநாள் கடுப்பில், என் கண் முன்னால்தான், அது எப்போதும் பின்பற்ற வேண்டிய நிரந்தரக் குறிப்புகளில் எழுதினாள்: 'பொத்தான் அமுங்கவில்லை என்றால் ஸ்கிரிப்ட் போட்டு அமுக்கு. என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே.'

நான் படித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அக்கா வந்ததும் வராததுமாக ஏஜென்டிடம் வேலையைக் கொடுத்தாள். யார்டில் நிலுவையில் இருக்கும் எல்லா கன்டெய்னருக்கும் திறப்புச் சீட்டு வாங்கு. அந்தச் சீட்டு வந்தால்தான் யார்டு ஆட்கள் கன்டெய்னரைத் திறந்து மூட்டைகளை இறக்குவார்கள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: 'பதினான்குக்கும் திறப்புச் சீட்டு பெறப்பட்டது.'

அக்கா அடுத்த வேலைக்குப் போய்விட்டு, திரும்பி வந்தாள். "பதினாலா? பதிமூணுதானே வரணும்?"

எழுந்து என் மேஜைக்கு வந்தாள். "ஸ்டெல்லா, அந்தப் பருப்புப் பொட்டிக்கு மருந்து எப்போ அடிச்சாங்க?"

அந்தக் காகிதங்கள் என் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் பருப்பில் பூச்சி இருந்தால் கன்டெய்னரை மூடிவைத்து உள்ளே மருந்துப் புகை விடுவார்கள். புகை என்றாலும் கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் தெரியாது. ஒரு நாள் முழுக்க மூடி வைத்து, பிறகு கதவைத் திறந்து காற்றாட விட்டு, மருந்து கம்பெனி ஆள் கருவி வைத்துப் பார்த்து, 'வாயு இல்லை' என்று பக்கத்தில் பதிந்த பிறகுதான் திறப்புச் சீட்டின் பொத்தான் உயிர் பெறும். அதுவரை சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

"நேத்து சாயங்காலம் க்கா."

அவள் தன் இடத்துக்கு ஓடி, ஏஜென்ட் தான் செய்ததை எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்தாள். பொதுவாக அதை அவள் படிப்பதே இல்லை. நான் பின்னால் நின்று படித்தேன். மிக மரியாதையான தமிழில் எழுதியிருந்தது: 'பதினான்காவது கன்டெய்னரின் பொத்தான் முடக்கப்பட்டிருந்தது. தங்கள் குறிப்பின்படி ஸ்கிரிப்ட் மூலம் முடக்கத்தை நீக்கி அழுத்தினேன். சீட்டு வெற்றிகரமாகப் பெறப்பட்டது.'

அக்கா போனை எடுத்தாள். யார்டு ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேட் செக்யூரிட்டியின் எண் பிஸி. மறுபடி அடித்தாள். மேனேஜர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பதறாதம்மா. சீட்டை ரத்து பண்ணச் சொல்லி மெயில் போடு. உடனே பார்ப்பாங்க" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்போது அக்கா படியில் இருந்தாள். நான் கைப்பையைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினேன்.

ஆட்டோ திருவொற்றியூர் வரை பறந்தது. அதைத் தாண்டியதும் வழக்கம்போல ட்ரெய்லர் வரிசை. ஒரு பக்கம் முழுக்கக் கன்டெய்னர்கள், நடுவில் பைக்குகள், ஆட்டோ நுழைய இடமில்லை. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். இந்த முறை அக்கா இறங்கியபோது அது பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ட்ரெய்லர்களுக்கு நடுவில் ஓடினாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடினாள். "எடுடா, எடுடா" என்று கத்திக்கொண்டே போனாள். நிலக்கரித் தூசும் டீசல் புகையும் வெயிலும் சேர்ந்து எனக்கு மூச்சு வாங்கியது. ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி பாஸ் கேட்டார். அவள் குனிந்து தடுப்புக் கம்பிக்குக் கீழே புகுந்துவிட்டாள். "பருப்புப் பொட்டி எங்க? பருப்பு எங்க எறக்கறாங்க?" யாரோ கையைக் காட்டினார்கள்.

நாங்கள் போனபோது கன்டெய்னரின் ஒரு கதவு திறந்திருந்தது. ஒரு லோடுமேன் கீழே தார்த்தரையில் மல்லாந்து கிடந்தார். நாற்பது வயதிருக்கும். முதல் மூட்டையோடு கதவருகே வந்தவர் அப்படியே வெளியே விழுந்திருக்கிறார். அவர் முகத்தில் ஒருத்தர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "வெயிலு மயக்கம், நவுருங்க, காத்து வுடுங்க" என்றார் மேஸ்திரி. அதற்குள் அவருக்குப் பதிலாக இன்னும் இரண்டு பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறப் போனார்கள். ஒருவருடைய கால் ஏற்கெனவே விளிம்பில் இருந்தது.

அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். "ஏறாத! மருந்து கீது உள்ள! மருந்து கீது!" என்று அலறிக்கொண்டே அந்த இரும்புக் கதவில் தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். அது அவளால் நகரும் கதவா? நானும் போய்க் கை கொடுத்தேன். விஷயம் புரிந்து மற்றவர்களும் வந்தார்கள். கதவு மூடியபிறகும் அவள் அதன் மேல் சாய்ந்துகொண்டு நின்றாள், யாராவது வந்து திறந்துவிடுவார்கள் என்பது மாதிரி.

விழுந்தவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது, வாந்தி நிற்கவில்லை. வார்டு வாசலில் நாங்கள் நின்றபோது மேனேஜர் போனில் வந்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். "நான் யோசிச்சிட்டேன். ஏஐ தப்பு பண்ணிடுச்சு, சாஃப்ட்வேர் கோளாறுன்னு எழுதிக் குடுத்துடலாம். எல்லாரும் நம்புவாங்க" என்றார்.

"அது தப்பு பண்ணல சார். நான் சொன்னத அப்படியே பண்ணிகீது."

"அதை நீயா போய்ச் சொல்லணுமா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

விழுந்தவருடைய மனைவி எர்ணாவூரிலிருந்து வந்தாள். கையில் ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில். மேஸ்திரி எங்களைக் காட்டி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நேராக வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீதான் கதவ சாத்துனியாம்மே. நீ வரலன்னா இன்னும் ரெண்டு பேரு ஏறியிருப்பாங்களாம். நீ நல்லா இருப்பே" என்று கும்பிட்டாள்.

நானாக இருந்தால் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அவர் தேறட்டும் என்று இருந்திருப்பேன்.

"தொறக்க சீட்டு குடுத்ததும் நான்தான்" என்றாள் அக்கா.

"இன்னா?"

அக்கா சொன்னாள். ஏஜென்ட், ஸ்கிரிப்ட் எல்லாம் அந்த அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பொத்தான் மட்டும் புரிந்துவிட்டது. "மூடிகினு கீதுன்னு தெரியுது. ஏன் மூடிகினு கீதுன்னு நீ பாக்கலயா?"

"பாக்கல."

அந்த அம்மா கையை உருவிக்கொண்டாள். போர்வையையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். அக்கா படிக்கட்டுக்கு வந்தாள்.

"எதுக்கு க்கா இப்பவே சொன்னே?" என்று கேட்டேன்.

"அந்தக் கும்புட ஒரு நிமிசம்கூட வெச்சிகினு இருக்க முடியலடி."

இரண்டு நாள் அவள் அந்தப் படிக்கட்டைவிட்டு அதிகம் நகரவில்லை. ராத்திரிக்கு மட்டும் வீட்டுக்குப் போய்விட்டு விடியும்போது வந்துவிடுவாள். நான் கொண்டுபோன இட்லி அப்படியே பொட்டலத்தில் இருந்தது. மேலே ஒருதரம், கீழே ஒருதரம் என்று படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். நர்ஸுகள் திட்டினார்கள். வார்டுக்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த அம்மா கூப்பிடாமல் போகக்கூடாது என்று எண்ணியிருந்தாள் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த அம்மா படிக்கட்டுக்கு வந்தாள். "பேச்சு வந்துருச்சு அவருக்கு. சீட்டு யாரு குடுத்தாங்கன்னு கேக்கறாரு. என்னால சொல்ல முடியல. நீயே வந்து சொல்லு."

நானும் கூடப் போனேன். அவர் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் குறைக்காமல். அவர் திட்டவில்லை. இருமல் அடங்கும்வரை இருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தினி நேரம் வுட்டுட்டு தொறக்கணும்?"

"ஒரு நாள் முழுசா மூடி வெக்கணும்ணா. அப்பால கதவத் தொறந்து காத்தாட வுட்டு, மிசினு வெச்சுப் பாத்துட்டுதான் ஏறணும்."

"பதினோரு வருசமா மூட்ட தூக்கறேன்" என்றார். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். அக்கா அவர் வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை. நின்றாள். "அந்த மிசின நான் கண்ணால பாத்ததில்ல. சீட்டு வந்தா தொறப்போம். சில நாளு தல சுத்தும், கண்ணு எரியும். வெயிலுன்னு நெனச்சிப்போம். எங்களுக்கு யாருமே சொன்னதில்லம்மா."

வெளியே வந்ததும் அக்கா மறுபடி படியில் ஏறி இறங்கத் தொடங்கினாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவர் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். இரண்டு மாதத்தில் வேலைக்கும் திரும்பிவிட்டார், மூட்டை மட்டும் தூக்குவதில்லை. ஆபீசில் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். அக்கா நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். யார்டின் பக்கத்தைச் செய்தவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினாள். தப்பு அங்கேயும் இருந்தது. பொத்தானை மட்டும் சாம்பல் நிறமாக்கிவிட்டு, அதை மீறி வரும் கோரிக்கையைத் தங்கள் கம்ப்யூட்டரில் சோதித்துத் தடுக்காமல் விட்டிருந்தார்கள். "வாசல்ல துணியக் கட்டி வுட்டுட்டு பூட்டுன்னு சொல்லிகினு இருந்துகிறாங்க. அதுக்காக நான் தள்ளிகினு போனது சரின்னு ஆயிடாது" என்றாள். 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது. ஆபீஸ் தன் முடிவைச் சொல்ல இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்கும் அவள் காத்திருக்கவில்லை, வேலையை விட்டுவிட்டாள். போவதற்கு முன் ஏஜென்டின் குறிப்புகளைத் திறந்து, அந்த வரியை அழித்துவிட்டு, அதே இடத்தில் 'முடக்கிய பொத்தானைத் தொடாதே. ஏன் முடக்கியிருக்கிறது என்று படித்து எனக்குச் சொல்' என்று எழுதினாள். பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் நாலைந்து மாதம் தகவல் இல்லை. போன் செய்தால் "நடந்துகினு கீறேன், அப்பால பேசறேன்" என்பாள். பேசமாட்டாள்.

ஒரு காகித வேலையாக நான் யார்டுக்குப் போகவேண்டி வந்தது. நல்ல வெயில். கன்டெய்னர்களின் நிழலில் ஏழெட்டு லோடுமேன்கள் துண்டை விரித்துப் படுத்தும் உட்கார்ந்தும் கிடந்தார்கள். எதிரில் ஒரு கன்டெய்னர், இரண்டு கதவும் விரியத் திறந்து, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் காற்றாடிக்கொண்டிருந்தது. வாசலுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு. 'மருந்து இருக்கு, ஏறாதே' என்று பெரிய எழுத்தில் தமிழில் ஓர் அட்டை. அந்தக் கயிற்றுக்கு முன்னால், மருந்து கம்பெனியின் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, கையில் வாயு பார்க்கும் கருவியோடு அக்கா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். நாலு நடைக்கு ஒருதரம் வாட்சைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது.

ட்ரெய்லர் டிரைவர் ஒருத்தர் ஜன்னல் வழியே எட்டிக் கத்தினார். "எவ்ளோ நேரம்மா? பேஜாராப்போச்சு!"

"இன்னும் நாப்பது நிமிசம்" என்று நடந்தபடியே திருப்பிக் கத்தினாள்.

நான் கிட்டே போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் நிற்கவில்லை. நானும் கூடவே நடந்தேன். குழந்தையைப் பற்றிக் கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்ததும் அவளே முடித்தாள்.

"கொஞ்ச நேரம் அங்க நெழல்ல குந்தேன் க்கா" என்றேன்.

அவள் திறந்த கதவைப் பார்த்தாள், வாட்சைப் பார்த்தாள்.

"குந்தினா நானே போய் ஏறச் சொல்லிருவேன்டி" என்றாள். திரும்பி அந்தக் கோடிக்கு நடந்தாள்.